“ஷார்ப்பா இல்ல” என்று ஏழு பேர் சொன்னார்கள். எங்கே இல்லை என்று யாரும் சொல்லவில்லை

ஜன்னலோரம் | மார்ச் 3, இரவு 9.12

படம் மேலே இருக்கு. ஜன்னல் பக்கத்துல நாற்காலி, அதுல ஒரு பாட்டி புத்தகம் படிக்கிறாங்க, பக்கத்தைப் புரட்டுற நேரம். உயரவாக்குல எடுத்தது. 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி (சின்ன சென்சார்) கேமரா, 50 மி.மீ. லென்ஸ், எஃப் 1.8 (லென்ஸ் துளை, எண் குறைஞ்சா துளை பெருசு), ஷட்டர் 1/30 நொடி, ஐஎஸ்ஓ (ஒளி உணர்வு) 400.

இதுவரை வந்த பதில் பதினொண்ணு. நாலு பேர் “சூப்பர்”. ஏழு பேர் “ஷார்ப்பா இல்ல”. எந்த இடத்துல இல்ல, எதனால இல்ல, அடுத்த தடவை எதை மாத்தணும்னு ஒருத்தரும் சொல்லல. “சூப்பர்” சொன்னவருக்கும் “ஷார்ப்பா இல்ல” சொன்னவருக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டையும் வச்சுக்கிட்டு நான் செய்யக்கூடியது எதுவுமே இல்லையே. இதுக்குப் பேர் விமர்சனமா?

முக்காலி | மார்ச் 3, இரவு 10.05

இல்லை. “ஷார்ப்பா இல்ல” என்பது நோயாளி சொல்லவேண்டிய வாக்கியம், வைத்தியர் சொல்லவேண்டியது அல்ல. மங்கல் எங்கே, காரணம் என்ன, மறுபடி எடுத்தால் எதை மாற்றுவது, இந்த மூன்றும் இருந்தால்தான் அந்தப் பதிலால் பிரயோஜனம்.

உங்கள் படத்துக்கு: ஏபிஎஸ்-சி-யில் 50 மி.மீ. என்றால் 1.5-ஆல் பெருக்கி 75. கையில் பிடித்து எடுக்க ஷட்டர் வேகம் அதை ஒட்டிய 1/80-க்குக் கீழே போகக்கூடாது. நீங்கள் 1/30-ல் எடுத்திருக்கிறீர்கள். கை நடுங்கியிருக்கிறது. ஐஎஸ்ஓ-வை 1000 ஆக்குங்கள், 1/80 கிடைக்கும். முடிந்தது.

இருட்டறை | மார்ச் 3, இரவு 10.31

முடியவில்லை. பாட்டியின் தோட்டைப் பாருங்கள்.

முக்காலி | மார்ச் 3, இரவு 10.58

பார்த்தேன். தோட்டுக் கல்லின் மினுக்கு சின்னப் புள்ளியாக இருக்கிறது. கை நடுங்கியிருந்தால் அந்தப் புள்ளி ஒரு கோடாக இழுபட்டிருக்கும். படச்சட்டத்தில் இருக்கிற மற்ற மினுக்குகளும் அதே திசையில், அதே நீளத்துக்குக் கோடாகியிருக்கும். ஆகவில்லை. 1/30-லும் கை நின்றிருக்கிறது. சுவரில் சாய்ந்து எடுத்திருப்பார்.

நான் செய்த தப்பு இதுதான்: எக்ஸிஃபை, அதாவது படத்தோடு பதிவாகும் கேமரா எண்களைப் படித்துவிட்டுத் தீர்ப்பு எழுதினேன், படத்தை முழு அளவில் திறக்கவே இல்லை. எண்களைப் பார்த்தால் என்ன நடந்திருக்கக்கூடும் என்று தெரியும். என்ன நடந்தது என்று படத்தைத்தான் கேட்கவேண்டும். மேலே 10.05-க்கு எழுதியதை அழிக்காமல் விடுகிறேன், அவசர விமர்சனத்துக்கு மாதிரியாக இருக்கட்டும்.

ஜன்னலோரம் | மார்ச் 3, இரவு 11.02

சுவர்லதான் சாஞ்சிருந்தேன். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?

முக்காலி | மார்ச் 4, காலை 6.20

படத்தை 100 சதவீதத்தில் வைத்து மேலிருந்து கீழே வரிசையாகப் பார்த்தேன். மங்கல் ஒன்றல்ல, மூன்று. மூன்றுக்கும் காரணம் வேறு வேறு.

முதலாவது, பக்கம் புரட்டும் கை. புத்தகத்தின் விளிம்பு தெளிவு, விரல்கள் மட்டும் இழுபட்டிருக்கின்றன. இது ஆள் அசைவு. கணக்குப் போட்டால் புரியும். சட்டத்தில் தலை முதல் இடுப்பு வரை சுமார் 70 செ.மீ. அடங்கியிருக்கிறது. உயரத்தில் 6000 பிக்சல், ஆக ஒரு செ.மீ.க்கு 86 பிக்சல். பக்கம் புரட்டும் கை நொடிக்கு 30 செ.மீ. வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொண்டால் 1/30 நொடியில் 1 செ.மீ. நகரும், அதாவது 86 பிக்சல் இழுப்பு. 1/250-ல் அதே கை 10 பிக்சல்தான் இழுபடும். லென்ஸிலோ கேமராவிலோ நடுக்கம் தடுக்கும் வசதி இருந்தாலும் இதற்கு உதவாது. அது உங்கள் கையைத்தான் நிறுத்தும், பாட்டியின் கையை அல்ல. பிறகு வந்த இன்னொருவர் “ஸ்டெபிலைசேஷன் உள்ள லென்ஸ் வாங்குங்க” என்று சொல்லியிருக்கிறார். காசுதான் தண்டம்.

இரண்டாவது, கண். இமை மயிர் பிரிந்து தெரியவில்லை, ஆனால் தோடும் அதை ஒட்டிய முடியும் பளிச்சென்று இருக்கின்றன. ஒரு தளம் தெளிவு, அதற்கு முன்னால் மங்கல். இது ஃபோகஸ் தப்பியது. ஷட்டர் வேகத்தை எவ்வளவு கூட்டினாலும் இது சரியாகாது.

மூன்றாவது, கன்னம். அங்கே சுருக்கம் இருந்திருக்கவேண்டும். இருப்பதோ மெழுகு. இது கேமரா செய்ததல்ல, பிறகு யாரோ தடவியது. தோலை வழவழப்பாக்கும் ஸ்லைடரா, நாய்ஸ் ரிடக்ஷனா என்று படத்தைப் போட்டவர்தான் சொல்லவேண்டும்.

ஆக “ஷார்ப்பா இல்ல” என்று சொன்ன ஏழு பேரும் ஒன்றைச் சொன்னார்களா, மூன்றைச் சொன்னார்களா, அவர்களுக்கே தெரிந்திருக்காது.

கிட்லென்ஸ் | மார்ச் 4, காலை 7.45

கண் விஷயம் சிம்பிள். நடுப்புள்ளியில கண்ணை ஃபோகஸ் பண்ணி, பட்டனைப் பாதி அமுக்கிப் பிடிச்சு, கேமராவைக் கீழ இறக்கி எடுத்திருப்பார். இப்படி ரீகம்போஸ் பண்ணா ஃபோகஸ் பின்னால போகும். எல்லா இடத்துலயும் இதைத்தான் சொல்றாங்க.

இருட்டறை | மார்ச் 4, காலை 9.10

சொல்கிறார்கள். எவ்வளவு பின்னால் போகும் என்பதையும் பார்த்துவிடலாமே.

முதலில் தூரம். ஏபிஎஸ்-சி சென்சாரின் நீளப்பக்கம் 23.5 மி.மீ. 50 மி.மீ. லென்ஸில், எடுக்கிற தூரத்தை 0.47-ஆல் பெருக்கினால் சட்டத்தில் அடங்கும் உயரம் வரும். இங்கே உயரம் 70 செ.மீ. என்றால் தூரம் ஏறக்குறைய 1.5 மீட்டர். யாரையும் கேட்காமலே இதைக் கண்டுபிடிக்கலாம்.

அடுத்து கோணம். கண் சட்டத்தின் மேலிருந்து கால்பாகத்தில் இருக்கிறது. நடுவிலிருந்து அங்கே போக ஏறத்தாழ 7 பாகை. அந்தத் திருப்பத்தால் ஃபோகஸ் தளம் பின்னால் நகர்வது 1 செ.மீ. எஃப் 1.8-ல் 1.5 மீட்டரில் தெளிவின் ஆழம் மொத்தம் 6.5 செ.மீ. கண்ணுக்குப் பின்னால் பாதி, முன்னால் பாதி. 1 செ.மீ. பிசகு அதற்குள் அடங்கிவிடும். முகம் முக்கால் திருப்பத்தில் இருக்கிறது, கண்ணுக்கும் தோட்டுக்கும் நடுவே 5, 6 செ.மீ. இருக்கலாம். அவ்வளவு தூரத்துக்கு ரீகம்போஸ் மட்டும் காரணமாக இருக்கமுடியாது.

இன்னும் அகலமான லென்ஸ், இன்னும் கிட்டத்தில், கண் சட்டத்தின் மூலையில் என்றால் கிட்லென்ஸ் சொல்வது நிச்சயம் நடக்கும். இந்தப் படத்தில் இல்லை.

என் ஊகம் இரண்டு. ஆட்டோஃபோகஸ் பரந்த பகுதி முறையில் இருந்து, வெளிச்ச வித்தியாசம் அதிகமாக உள்ள இடத்தை, அதாவது தோட்டின் பளபளப்பைப் பிடித்திருக்கும். இல்லையென்றால் ஃபோகஸ் பிடித்ததற்கும் பட்டனை முழுதாக அமுக்கியதற்கும் நடுவில் பாட்டி முன்னால் சாய்ந்திருப்பார். படிக்கிறவர்கள் சாய்வார்கள்.

ஜன்னலோரம் | மார்ச் 4, பகல் 1.30

ஆட்டோஃபோகஸ் பரந்த பகுதிதான். கண் கண்டறியும் வசதி இருக்கு, போடல. கன்னம்: போன்ல ஒரு ஆப்ல போட்டு ‘ஸ்மூத்’ 40 வச்சேன். ஒப்புக்கொள்கிறேன்.

கிட்லென்ஸ் | மார்ச் 4, பகல் 1.41

சரி, ரீகம்போஸ் இல்ல. ஆனா எஃப் 16 வச்சிருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காதே? எல்லாமே ஷார்ப்பா வந்திருக்கும்.

இருட்டறை | மார்ச் 4, பகல் 2.05

எஃப் 1.8-லிருந்து எஃப் 16-க்கு ஆறேகால் ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் வெளிச்சம் பாதியாகும்). 1/30-ஐ அப்படியே வைத்தால் ஐஎஸ்ஓ 400 போய் 30,000-ஐத் தாண்டும். அதோடு எஃப் 16-ன் சின்னத் துளையின் விளிம்பில் ஒளி வளைந்து ஒவ்வொரு புள்ளியும் இந்தச் சென்சாரில் 5 பிக்சல் அகலத்துக்குப் பரவும். எல்லாம் ஷார்ப்பாக வராது, எல்லாம் ஒரே மாதிரி மங்கலாக வரும்.

முக்காலி | மார்ச் 4, இரவு 8.50

இனி அந்தப் பதிலை எப்படி எழுதியிருக்கலாம் என்று பார்ப்போம். ஏழு பேரில் ஒருவராவது இப்படி எழுதியிருந்தால்:

“கண்ணைவிடத் தோடு தெளிவாக இருக்கிறது, ஃபோகஸ் 5 செ.மீ. பின்னால் விழுந்திருக்கிறது. ஒற்றைப் புள்ளியைக் கண்மேல் வையுங்கள், அல்லது கண் கண்டறிதலைப் போடுங்கள். எஃப் 2.8-க்குப் போனால் ஆழம் 6.5-லிருந்து 10 செ.மீ. ஆகும். அதற்கு ஒன்றேகால் ஸ்டாப் செலவு. 1/125 வேண்டுமென்றால் இன்னும் இரண்டு ஸ்டாப். ஐஎஸ்ஓ 4000 வரும். நாற்காலியை ஜன்னலுக்கு நெருக்கினால் அதில் ஒரு ஸ்டாப்பாவது மிச்சம்.”

ஆறேழு வாக்கியம். எழுத மூன்று நிமிடம். இதில் நல்லா இருக்கு, நல்லா இல்லை என்ற வார்த்தையே கிடையாது. அப்படி எழுதினால் யாருக்கும் கோபம் வராது. படத்தைப் பற்றிப் பேசுகிறது, எடுத்தவரைப் பற்றிப் பேசவில்லை.

ஜன்னலைப் பற்றி ஒரு திருத்தம். தூரத்தைப் பாதியாக்கினால் வெளிச்சம் நாலு மடங்கு என்பது புள்ளி விளக்குக்குத்தான். ஜன்னல் அகலமானது, அதனால் நாலு மடங்கு வராது. ஒரு ஸ்டாப்பை நம்பலாம், இரண்டை நம்பவேண்டாம்.

பழையஃபிலிம் | மார்ச் 4, இரவு 9.15

ஒரு ஃபோகஸ் புள்ளிக்கு ஒன்பது பதில். நாங்கள் நெகட்டிவ் காயும் நேரத்தில் இதைவிட வேகமாக முடித்துவிடுவோம்.

இருட்டறை | மார்ச் 5, காலை 8.00

100 சதவீதத்தில் திறந்து குறை சொல்வதைப் பற்றி ஒரு எச்சரிக்கை, முக்காலியும் நானும் செய்ததற்கும் சேர்த்து.

நான் மேலே சொன்ன 6.5 செ.மீ. ஆழம் 0.02 மி.மீ. மங்கல் வட்டத்தை (ஒரு புள்ளி இவ்வளவு பரவினாலும் தெளிவு என்று கொள்ளும் எல்லை) வைத்துப் போட்ட கணக்கு. 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி-யில் அது 5 பிக்சல். அதாவது கணக்குப்படி ‘தெளிவு’ என்ற எல்லைக்குள் இருப்பதுகூட 100 சதவீதத்தில் மங்கலாகத்தான் தெரியும். அதே படத்தை நீளப்பக்கம் 2048 பிக்சலுக்குச் சுருக்கினால் அந்த வட்டம் 1.7 பிக்சல், கண்ணுக்கே தெரியாது. பெரிய அளவில் அச்சடிக்கப் போகிறாரா, போனில் காட்டப் போகிறாரா என்று கேட்காமல் பிக்சல் எண்ணுவது நியாயமில்லை. காரணம் கண்டுபிடிக்க 100 சதவீதம், மதிப்பிட முழுப் படம்.

கேட்கிறவர் பக்கமும் தவறு உண்டு. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிப் போகும், எக்ஸிஃபும் உதிர்ந்துவிடும். டாகுமெண்டாக அனுப்பினால் அப்படியே போகும். கேமராவில் அடோபி ஆர்ஜிபி என்ற நிற அமைப்பை வைத்து எடுத்ததை மாற்றாமல் போட்டால் சில ஆப்களில் நிறம் வெளிறித் தெரியும், உடனே “நிறம் செத்திருக்கு” என்று நாலு பேர் எழுதுவார்கள். திரைகளுக்குப் பொதுவான எஸ்ஆர்ஜிபி-க்கு மாற்றி, நீளப்பக்கம் 2048, ஜேபெக் தரம் 85 போதும்.

பார்க்கிறவர் திரையும் பேசும். வெளிச்சத்தை உச்சத்தில் வைத்த மானிட்டரில் எல்லாப் படமும் சரியாகவே தெரியும், இருட்டாக எடுத்ததுகூட. இரவில் திரையை மஞ்சளாக்கும் வசதி ஓடிக்கொண்டிருக்கும்போது “ஒயிட் பேலன்ஸ் மஞ்சள்” என்று எழுதாதீர்கள். சந்தேகம் இருந்தால் ஹிஸ்டோகிராமை (இருட்டு முதல் வெளிச்சம் வரை எத்தனை பிக்சல் என்று காட்டும் வரைபடம்) பாருங்கள், அது திரையைக் கேட்காது.

நிழல்பக்கம் | மார்ச் 5, மாலை 5.40

மூணு நாளா இமை மயிரைப் பார்த்துக்கிட்டிருக்கீங்க. இடது ஓரத்துல வெள்ளையா ஒரு பட்டை நிக்குதே, ஜன்னல் சட்டம், அதை யாரும் பார்க்கலையா? நான் படத்தைத் திறந்ததும் முதல்ல போனது அங்கதான். அப்புறம் புத்தகம். முகத்துக்கு மூணாவதா வந்தேன்.

இதைச் சோதிக்க ஒரு வழி: படத்தைத் தலைகீழாத் திருப்புங்க. பாட்டி பாட்டியா தெரியமாட்டாங்க, வெளிச்சமும் இருட்டும்தான் தெரியும். எது முதல்ல இழுக்குதோ அதுதான் படத்தோட தலைவர். இல்லன்னா கட்டைவிரல் நக அளவுக்குச் சுருக்கிப் பாருங்க. ரெண்டுலயும் அந்தப் பட்டைதான் ஜெயிக்குது. ஹிஸ்டோகிராம்ல வலது சுவர்ல ஒட்டி நிக்கிறது அதுதான், 255, முழு வெள்ளை. ரா ஃபைல் (கேமராவோட பதப்படுத்தாத மூலப் பதிவு) இருந்தா கொஞ்சம் மீட்கலாம், ஜேபெக்ல அங்க ஒண்ணும் இல்ல.

கையைப் பத்தி: அந்த இழுப்பை நான் தொடமாட்டேன். பக்கம் புரளுதுன்னு தெரியறதே அதனாலதான். நிறுத்திட்டா புத்தகத்தைப் பிடிச்சுக்கிட்டு கேமராவுக்கு உட்கார்ந்த மாதிரி ஆயிடும்.

முக்காலி | மார்ச் 5, இரவு 9.30

தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன். நிழல்பக்கம் சொல்வது சரி. கண் தெளிவாக இருந்திருந்தாலும் இந்தப் படம் பெரிதாக முன்னேறியிருக்காது. அளக்க முடிந்ததை அளந்துகொண்டிருந்தோம். ஷட்டர் வேகத்துக்கு எண் உண்டு, ஓரத்து வெள்ளைப் பட்டைக்கு எண் கிடையாது. அதனால் பேச்சு எண் பக்கமே சாய்ந்தது. தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் விமர்சிக்கும்போது வருகிற வியாதி இது.

4-ஆம் தேதி எழுதிய மாதிரிப் பதிலையும் அதனால் திருத்துகிறேன். முதல் வரி இப்படி இருக்கவேண்டும்: “கண் முதலில் இடது ஓரத்து வெள்ளைக்குப் போகிறது, முகத்துக்கு அல்ல.” ஃபோகஸ் இரண்டாவது. கன்னத்து மெழுகு மூன்றாவது, அதுவும் ஒரே வார்த்தை: ஸ்லைடரை எடுங்கள். கையைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டேன், “வேண்டுமென்றே விட்டதா?” என்று மட்டும் கேட்பேன்.

பழையஃபிலிம் | மார்ச் 6, காலை 7.20

மங்கலைக் குற்றம் என்று மட்டும் பார்த்தவர்கள் முன்பும் உண்டு. பிரிட்டிஷ் புகைப்படக்காரர் ஜூலியா மார்கரெட் கேமரன் 48 வயதில், 1863-ல், தன் முதல் கேமராவைக் கையில் எடுத்தவர். முகங்களை மென்மையான ஃபோகஸில் எடுத்தார். அந்தக் காலத்துப் புகைப்படப் பத்திரிகைகள் ஃபோகஸ் செய்யத் தெரியாதவர் என்று விளாசின. இன்று அந்த முகங்கள் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. எதிர்ப்பக்கமும் உண்டு. 1932-ல் அமெரிக்கப் புகைப்படக்காரர்கள் ஆன்சல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன் முதலானவர்கள் சேர்ந்த குழு, மென்மைக்கு எதிராகக் கூர்மையைக் கொடியாகப் பிடித்து, தன் பெயரையே எஃப் 64 (ரொம்பச் சின்ன லென்ஸ் துளையின் எண்) என்று வைத்துக்கொண்டது.

கிட்லென்ஸ் | மார்ச் 6, காலை 7.33

அப்போ இனிமே ஃபோகஸ் போன படத்துக்கெல்லாம் “நான் கேமரன் பாணி”ன்னு சொல்லிடலாம்.

பழையஃபிலிம் | மார்ச் 6, காலை 7.50

சொல்லலாம். மென்மையான ஃபோகஸில் முகம் முழுக்க ஒரே மென்மையாக இருக்கும். தோடு மட்டும் ஊசி மாதிரி நின்றால் அது பாணி அல்ல, பிசகு.

கிட்லென்ஸ் | மார்ச் 6, காலை 10.15

படத்தை மூணு மூணாப் பிரிக்கிற கோட்டுல முக்கியமானதை வைக்கணும்ங்கிற ‘மூன்றில் ஒரு பங்கு’ விதிப்படி முகம் இல்லன்னு இன்னொருத்தர் எழுதியிருந்தாரே, அதுக்கு என்ன சொல்றீங்க?

இருட்டறை | மார்ச் 6, பகல் 12.40

அந்த விதி புகைப்படத்தைவிட வயதானது. 1797-ல் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கில ஓவியர் இயற்கைக்காட்சி வரைவதைப் பற்றி எழுதும்போது அதற்கு அந்தப் பெயர் வைத்தார். வானத்துக்கு எத்தனை பங்கு, நிலத்துக்கு எத்தனை பங்கு என்பது மாதிரியான பேச்சு. கோடு கிழித்துக் கண்ணை அந்தச் சந்திப்பில் வை என்ற கட்டளை அல்ல. “விதிப்படி இல்லை” என்பதும் “ஷார்ப்பா இல்ல” வகைதான். முகத்துக்கு முன்னால் வெற்றிடம் போதவில்லை, பார்வை சட்டத்தில் முட்டுகிறது என்று சொன்னால் அது விமர்சனம்.

படத்தின் ஓரத்தை வெட்டலாமா என்றால், வெட்டலாம். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்ரி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் வெட்டுவதை விரும்பாதவர் என்பது தெரிந்ததே. ஆனால் 1932-ல் பாரிஸ் சாந்-லாசார் ரயில்நிலையத்துக்குப் பின்னால் தேங்கிய தண்ணீரைத் தாண்டும் மனிதரை எடுத்த படம் வெட்டப்பட்டதுதான். பலகைகளின் இடுக்கு வழியாக எடுத்ததால் ஒரு பக்கம் மறைந்துவிட்டது. இங்கே இடது ஓரத்தில் 8 சதவீதம் வெட்டினால் பட்டை போய்விடும். 4000 பிக்சலில் 320. நஷ்டமில்லை.

நிழல்பக்கம் | மார்ச் 6, பகல் 1.05

வெட்டினா ஜன்னலே இல்லாம போயிடும். வெளிச்சம் எங்கேருந்து வருதுன்னு தெரியாது. நான் வெட்டமாட்டேன், அந்தப் பட்டையை ஒரு ஸ்டாப் இருட்டாக்குவேன்.

இருட்டறை | மார்ச் 6, பகல் 1.20

முகத்தில் விழுகிற நிழலே திசையைச் சொல்லுகிறதே. சரி, இது ருசி. இரண்டையும் செய்து பார்த்து அவர் தேர்ந்தெடுக்கட்டும்.

முக்காலி | மார்ச் 6, இரவு 10.10

கேட்கும் விதம் பற்றி. லிஸ் லெர்மன் என்ற அமெரிக்க நடன அமைப்பாளர் 1990-ல் ஒரு முறையை வகுத்தார், இப்போது பல கலைகளில் அதைப் பயன்படுத்துகிறார்கள். முதல் படியில், பார்த்தவர்கள் தங்களுக்கு எது ஒட்டியது என்று சொல்லவேண்டும். இரண்டாவதில், படைத்தவர் கேள்வி கேட்கவேண்டும். மூன்றாவதில், பார்த்தவர்கள் கருத்து ஒளிந்திருக்காத கேள்வி கேட்கவேண்டும். கருத்து கடைசியில், அதுவும் “இதைப் பற்றி ஒரு கருத்து இருக்கிறது, சொல்லட்டுமா?” என்று கேட்ட பிறகு.

மூன்றாவது படிதான் கஷ்டம். “ஏன் இவ்வளவு இருட்டா எடுத்தீங்க?” என்பது கேள்வி மாதிரி உடுத்திக்கொண்டு வந்த குட்டு. “வெளிச்சத்தை முடிவு செய்யும்போது எதைப் பார்த்து அளந்தீங்க?” என்பதுதான் கேள்வி. பதில் “புத்தகத்தை” என்று வந்தால் பாதிக் காரணம் அதிலேயே கிடைத்துவிடும். வெள்ளைத்தாளை அளந்தால் கேமரா அதை நடுச்சாம்பலாக்கப் பார்க்கும், முகம் இருட்டில் போகும். கேமராவின் வெளிச்ச ஈடுகட்டலை +0.7 அல்லது +1 வைத்தால் தீர்ந்தது.

எல்லா நேரமும் நாலு படியும் ஏற முடியாது. ஒரு படத்துக்கு அரைமணி நேரம் யாரிடமும் இல்லை. எனக்குப் போதுமானது, கருத்துக்கு முன்னால் ஒரு நிஜக் கேள்வி.

நிழல்பக்கம் | மார்ச் 6, இரவு 10.25

பாராட்டு, குறை, பாராட்டுன்னு அடுக்குற முறையை விட்டுட்டீங்களே.

முக்காலி | மார்ச் 6, இரவு 10.40

வேண்டுமென்றேதான். “வெளிச்சம் அருமை, ஆனால்...” என்று வந்தால் அந்த ‘ஆனால்’ வரைக்கும் யாரும் படிப்பதில்லை. பாராட்டும் குறை மாதிரியே இடம் சுட்டவேண்டும். “நெற்றியிலிருந்து கழுத்து வரை நிழல் படிப்படியாக இறங்குகிறது, எங்கும் வெட்டு இல்லை, இந்த நாற்காலி இடத்தை மாற்றாதீங்க.” இதை வைத்துக்கொண்டு அவர் ஒன்று செய்ய முடியும். எதைத் தொடக்கூடாது என்று தெரிவதும் பாடம்தான்.

முக்காலி | மார்ச் 6, இரவு 10.52

அட, ‘நாற்காலி இடத்தை மாற்றாதீங்க’ என்று சொல்லிவிட்டேன். 4-ஆம் தேதி ஜன்னலுக்கு நெருக்கச் சொன்னதும் நான்தான். நெருக்குங்கள், திசை மாறாமல். அதே கோணம், தூரம் மட்டும் குறைவு. நெருக்கினால் நிழல் இறங்குவது இன்னும் செங்குத்தாகும். அது பிடிக்கவில்லையென்றால் எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் துணியை விரித்துப் பிடிக்கச் சொல்லுங்கள்.

ஜன்னலோரம் | மார்ச் 7, காலை 6.45

கேட்டுக்கறவங்க பக்கமும் யாராவது சொல்லுங்க. முதல் ஏழு பேருக்கும் “வெளிச்சம் கம்மி, என்ன பண்றது”ன்னு பதில் எழுதி அழிச்சேன்.

இருட்டறை | மார்ச் 7, காலை 9.30

அழித்தது நல்லது. விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் அடுத்து வருகிறவர் எழுதமாட்டார். ஒரு நாள் கழித்து மூன்று குவியலாகப் பிரியுங்கள். எடிட்டில் திருத்தக்கூடியது: வெள்ளைப் பட்டை, கன்னம். மறுபடி எடுத்தால்தான் திருந்துவது: கண். ருசி: வெட்டுவதா வேண்டாமா, கை இழுபடலாமா. மூன்றாவது குவியலில் யார் சொன்னாலும் கேட்கவேண்டிய கட்டாயம் இல்லை.

தொடர்பில்லாத மூன்று பேர் ஒரே இடத்தைக் காட்டினால் அங்கே ஏதோ இருக்கிறது. அவர்கள் சொல்லும் மருந்து தப்பாக இருக்கலாம், காட்டிய இடம் பெரும்பாலும் சரியாக இருக்கும். அந்த ஏழு பேரும் ‘ஷார்ப்’ என்ற சொல்லில் தடுமாறினார்கள், ஆனால் ஏதோ இடறுகிறது என்பதில் தடுமாறவில்லை.

படம் போடும்போது ஒரே ஒரு படம் போடுங்கள். பத்து போட்டால் “மூணாவது நல்லா இருக்கு” என்றுதான் வரும். எது தெரியவேண்டும் என்று நினைத்து எடுத்தீர்கள், எது இடிக்கிறது, இரண்டு வரி. நாங்கள் எடிட் செய்து காட்டலாமா என்பதும். கேட்காமல் ஒருவர் படத்தில் கைவைத்துத் திருப்பிப் போடுவது முறையல்ல. வாங்கிய அனுமதியும் எடிட்டுக்குத்தான், வேறு இடத்தில் பகிர அல்ல.

ஜன்னலோரம் | மார்ச் 9, மாலை 6.20

மறுபடி எடுத்தேன். நாற்காலி ஜன்னலுக்கு நெருக்கம். எஃப் 2.8, 1/125, ஐஎஸ்ஓ 2000, ஒற்றைப் புள்ளி கண்மேல், ஈடுகட்டல் +0.7, ஸ்மூத் இல்ல. முகம் முதல்ல தெரியணும், அப்புறம் கை, அப்புறம் ஜன்னல். எடிட் பண்ணிக் காட்டலாம். இடிக்கிறது: உயிர் இல்லாத மாதிரி இருக்கு, ஏன்னு தெரியல.

நிழல்பக்கம் | மார்ச் 9, மாலை 6.55

தலைகீழாத் திருப்பிப் பார்த்தேன், முகம்தான் முதல்ல. இமை மயிர் எண்ணலாம். உயிர் இல்லாததுக்குக் காரணம் கை. 1/125-ல நின்னுடுச்சு. 1/60 வைங்க, முதல் படத்துல இருந்த இழுப்புல பாதி கிடைக்கும். அதே மாதிரி சுவர்ல சாஞ்சு, பக்கம் புரளும்போது தொடர்ச்சியா அஞ்சாறு எடுங்க. ஐஎஸ்ஓ 1000-க்கு இறங்கும், அது லாபம்.

முக்காலி | மார்ச் 9, இரவு 8.10

ஒரு கேள்வி. தலைக்கு மேலே சுவரில் ஒரு சுவிட்ச் போர்டு முளைத்திருக்கிறதே, போன தடவை அது இல்லையே?

ஜன்னலோரம் | மார்ச் 9, இரவு 8.14

நாற்காலியை நகர்த்தினதுல வந்து மாட்டிக்கிச்சு. பார்க்கவே இல்ல.

முக்காலி | மார்ச் 9, இரவு 8.20

கேமராவை ஒரு சாண் தாழ்த்துங்க. தலை அதை மறைச்சிடும்.